அப்பாவின் காலுக்கு வலு திரும்புமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது. நாற்பது ஆண்டுக்கு மேல் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். சென்ற ஆண்டு கரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்து எட்டு மாதமாகியும், தரையில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுக்காமல் எழ முடியவில்லை. வலை ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. கூப்பிட்டால் காதில் விழவில்லை. பெயர்கள் மறக்கின்றன. "வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வேறொருவர் வந்து, நரம்பில் ஏற்றும் ஒரு மருந்தால் பத்து வயது குறையும் என்று பெருந்தொகை கேட்கிறார். முதுமையில் போனது திரும்புமா, திரும்பாதா என்று அறிய விரும்புகிறார் தம்பி.

நான் இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 26 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை பல வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். தம்பி, நீங்கள் கால், கண், காது, நினைவு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு "வயது" என்று பெயர் வைத்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வலையிலிருந்து கொட்டிய மீனைக் கரையில் இனம் பிரிப்பதுபோல இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில திரும்பும், அதுவும் நீங்கள் நம்ப முடியாத அளவுக்குத் திரும்பும். சில திரும்பவே திரும்பா. வேறு சிலவற்றை வயது எடுக்கவே இல்லை. பழி மட்டும் அதன்மேல் விழுந்திருக்கிறது.

காலிலிருந்து தொடங்குகிறேன். அப்பாவின் வாழ்க்கையை இப்போது நிறுத்தி வைத்திருப்பது அதுதான்.

1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உச்ச உழைப்பின்போது உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை அதற்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய ஐம்பதாவது வயதில் மறுபடி அளந்தார்கள். இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்த திறன், அடுத்த முப்பது ஆண்டுகள் பறித்ததைவிட அதிகமாக இருந்தது. பிறகு அந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று சிறுகச் சிறுகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய சராசரித் திறன், 1966-இல் படுக்கைக்குப் போகும் முன் இருந்த அளவுக்குத் திரும்பி வந்தது.

இந்த ஆய்வை நான் முதன்முதலில் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா சாயல்குடிப் பக்கம் பனையேறியவர். 63 வயதில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. "முழு ஓய்வு கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் கொடுத்தோம். தண்ணீர்ச் செம்பைக்கூட அவர் எட்டி எடுக்க விடவில்லை. அதைத்தான் பாசம் என்று நினைத்தோம். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஏழு மாதத்தில் நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார். எலும்பு கூடியிருந்தது. அதைத் தாங்கி நடத்த வேண்டிய தொடை இரண்டும் வற்றிப்போயிருந்தன. அவரை முதுமை கொண்டுபோகவில்லை, கட்டில் கொண்டுபோனது என்று இன்று என்னால் சொல்ல முடியும். அன்று எனக்குத் தெரியாது.

படுத்தால் போகும் வேகம் முதியவர்களுக்கு இன்னும் கொடுமையானது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் 12 பேர் பத்து நாள் மட்டும் படுத்திருந்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. உங்கள் அப்பா மாவுக்கட்டோடு கிடந்தது எத்தனை வாரம், அதன்பின் நாற்காலியில் கழித்தது எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் காலில் இன்று தெரிவது 67 ஆண்டின் தேய்மானம் என்று எந்தத் துணிச்சலில் சொல்வது?

இப்படிப் போனது திரும்புமா? 1990-இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூத்தவருக்கு 96 வயது. நடை தளர்ந்தவர்கள், பல நோய்கள் உள்ளவர்கள். அவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். "மெதுவாகக் கையை ஆட்டுங்கள் தாத்தா" வகைப் பயிற்சி இல்லை. ஒருவரால் அதிகபட்சம் எவ்வளவு எடையைக் காலால் தள்ள முடியுமோ, அதில் 80 விழுக்காடு வரை ஏற்றினார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடு கூடியது. ஊன்றுகோலைக் கைவிட்டவர்களும் அவர்களில் உண்டு. நான்கு ஆண்டு கழித்து அதே ஆய்வாளர்கள் நூறு பேரிடம் செய்த பெரிய ஆய்விலும் வலு இரட்டிப்புக்கு மேல் கூடியது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். தசை கூடியது 9, வலு கூடியது 174. இடைவெளி எங்கிருந்து வந்தது? நரம்பிலிருந்து. ஒவ்வொரு தசையிழைக் கூட்டத்தையும் முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒரு நரம்பணு இயக்குகிறது. பல காலம் வேலை கொடுக்காத தசைக்கு மூளை முழு உத்தரவு அனுப்புவதில்லை. பாதி ஆட்களை எழுப்பாமலே விட்டுவிடுகிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் நடப்பது பெரும்பாலும் இப்படித் தூங்குகிறவர்களை எழுப்பும் வேலைதான். தசை தடிப்பது அதற்குப் பிறகு. அதனால் இரண்டு வாரத்தில் தொடையை அளந்து பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். எழுந்து நிற்பதில் மாற்றம் முதலில் தெரியும்.

இதில் வயதுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். அந்த நரம்பணுக்களில் ஒரு பகுதி முதுமையில் உண்மையாகவே இறந்துபோகின்றன. போனவை திரும்ப முளைப்பதில்லை. பக்கத்து நரம்பு கிளைவிட்டு, அநாதையான இழைகளில் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்கிறது. வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் முதலில் மெலிகின்றன. படகு ஆடும்போது சட்டென்று கால் மாற்றி நிற்பதற்கு வேண்டியவை அவையே. ஆகவே 67 வயதில் எவ்வளவு பயின்றாலும் அப்பாவுக்கு 27 வயதுக் கால் வராது. 67 வயதில் இருந்திருக்க வேண்டிய கால் வரும். இன்றைய நிலையிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிய தூரம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஓர் அம்மா. எழுபதைத் தொட்டவர். சிக்குன்குனியா வந்து மூன்று மாதம் பாயோடு கிடந்தார். மூட்டு வலி போன பிறகும் எழவில்லை. வீட்டில் கஞ்சியை ஊட்டியே விட்டார்கள். கட்டிலின்மேல் இரண்டு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழுவதில் தொடங்கினோம். பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு மடிப்பைக் குறைத்தோம். பிறகு மடியில் மணல் பையை அணைத்துக்கொண்டு எழுந்தார். நான்கு மாதம் கழித்து நான் போனபோது வீட்டில் ஆளில்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மரிக்கொழுந்துப் பாசி பறித்துக்கொண்டிருந்தார். பழைய ஆழத்துக்கு அவர் மூழ்குவதில்லை. மூச்சு அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை என்றார். மூச்சில் கொஞ்சம் போய்விட்டது, காலில் வந்துவிட்டது. இரண்டும் ஒரே உடம்பில் நடந்தவை.

இனி திரும்பாதவை. நீலக்கால் நண்டுக்கு ஒரு கொடுக்கு ஒடிந்தால் அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது புதிதாக முளைத்துவிடும் என்பதை உங்கள் அப்பா எனக்குச் சொல்லித் தருவார். ஒரு கொடுக்கு பெரிதும் ஒன்று சிறிதுமாக எத்தனை நண்டுகளை அவர் வலையிலிருந்து எடுத்திருப்பார்! மன்னார் வளைகுடாவின் கடல் அட்டை, தொந்தரவு செய்தால் தன் குடலையே வெளியே கக்கிவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்ளும். மனித உடலில் கல்லீரல் கொஞ்சம் அப்படி. மற்றபடி நமக்கு அந்த வரம் கிடையாது.

காதைப் பாருங்கள். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர் அணுக்கள் பிறக்கும்போது இருப்பவைதாம். டீசல் எஞ்சின் பக்கத்தில் நாற்பது ஆண்டு உட்கார்ந்ததில் அவை ஆயிரக்கணக்கில் அழிந்திருக்கும். பறவைகளுக்கும் மீன்களுக்கும் அவை மறுபடி முளைக்கின்றன. அப்பா பிடித்த மீனுக்கு உண்டு, அப்பாவுக்கு இல்லை. இது திரும்பாது. ஆனால் காதொலிக் கருவியை இப்போதே வாங்கி மாட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார். ஒதுங்கியவரின் மூளைக்கு வேலை குறையும். பெயர் மறக்கிறது என்கிறீர்களே, சரியாகக் காதில் விழாத பெயர் எப்படி நினைவில் நிற்கும்?

கண்ணுக்கு இரண்டு கதை. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது, உள்ளிருக்கும் வில்லை வயதோடு விறைத்துப்போவதால். அது எல்லோருக்கும் நாற்பதுகளில் வருவது, பின்னோக்கிப் போகாது, கண்ணாடி போதும். அந்த வில்லையே வெளுத்துப் புரையானால் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதைத் தென் தமிழ்நாட்டின் ஏழை வீடுகளுக்கு எட்டும்படி செய்தது. அங்கேயே 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த வில்லையை மிகக் குறைந்த விலையில் செய்தார்கள். முதுமையின் ஓர் இழப்பை இவ்வளவு முழுமையாக ஈடுகட்டும் வேறொரு சிகிச்சை எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு வந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள்.

முழங்கால் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது, தேய்ந்தது வளராது. தொடை வலுத்தால் வலி குறையும், அது வேறு. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் போனால் போனவைதாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் கருமுட்டை வராது. எலும்பில் மட்டும் ஒரு சிறு வியப்பு: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, மேற்பார்வையோடு எட்டு மாதம் கடும் எடைப்பயிற்சி கொடுத்த ஆய்வு 2018-இல் வந்தது. அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு கூடியது. பயிலாதவர்களுக்குக் குறைந்தது. ஏறுவது சிறிது என்றாலும், இறங்க வேண்டிய இடத்தில் ஏறியிருக்கிறது.

இதயம் நடுவில் நிற்கிறது. உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் குறைவதை எந்தப் பயிற்சியும் தடுப்பதில்லை. டல்லஸ்காரர்களின் இதயமும் இளமைக்குத் திரும்பவில்லை. வந்த ரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளத் தசைகள் கற்றுக்கொண்டன, அதனால் கணக்கு நேரானது. இதயச் சுவரின் விறைப்பை எடுத்துக்கொண்டால், 45 முதல் 64 வயதுக்குள் இருந்த, உடற்பயிற்சி அறியாதவர்களுக்கு இரண்டு ஆண்டு முறையான பயிற்சி கொடுத்தபோது அது நான்கில் ஒரு பங்கு தளர்ந்தது என்று 2018-இல் கண்டார்கள். 65-ஐத் தாண்டித் தொடங்கியவர்களிடம் ஓராண்டுப் பயிற்சியில் விறைப்பு பெரிதாக மாறவில்லை. அப்பாவின் கேள்விக்கு நடுவே இதை நான் சொல்வது உங்களுக்காக, தம்பி. அவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியாகிவிட்டது. உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

மறதியை வயதின் கணக்கில் எழுதுவதற்கு முன் ரத்தத்தைச் சோதியுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு இரண்டும் மறதியாக வரும், இரண்டும் மருந்தால் சரியாகும். தூக்க மாத்திரை, சர்க்கரை அளவு சட்டென்று இறங்குவது, மனச்சோர்வு ஆகியவையும் அப்படியே. கடலைப் பார்த்து வளர்ந்த மனிதர் எட்டு மாதமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மனம் சோர்ந்திருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

இனி அந்த ஊசி. அணுக்களை இளமைக்குத் திருப்பும் அறிவியல் பொய்யல்ல. ஜப்பானின் சின்யா யமனாகா 2006-இல், நான்கு மரபணுக் காரணிகளைக் கொண்டு முதிர்ந்த எலி அணுவைக் கருநிலைக்கே கொண்டுபோய்க் காட்டினார். 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியைப் பாதியில் நிறுத்தினால் அணு தன் தொழிலை மறக்காமல் இளமையாகுமா என்று பல ஆய்வகங்கள் எலிகளில் பார்க்கின்றன. 2020-இல் எலியின் பார்வை நரம்பணுக்களில் அப்படிச் செய்து, இழந்த பார்வையில் ஒரு பங்கை மீட்டார்கள். அளவு மீறினால் அதே வழி புற்றுக்கட்டியில் முடிகிறது. மனிதரின் வயதைத் திருப்பியதாக நிறுவப்பட்ட மருந்து இன்று ஒன்றுகூட இல்லை. உங்களிடம் பணம் கேட்பவர் எலியிடம் நடந்ததைக் காட்டி உங்கள் அப்பாவின் நரம்பில் எதையோ ஏற்றப் பார்க்கிறார். ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதோடு அவர் வருகை நிற்கும். இளமை தரும் லேகியம், பற்பம் என்று பெயர் ஒட்டாத புட்டியில் வருவதும் வேண்டாம். பாதரசமும் ஈயமும் கலந்ததைத் தின்று சிறுநீரகம் கெட்டவர்களுக்கு நான் நடை பழக்கியிருக்கிறேன்.

அந்தப் பணத்தில் பாதியைக்கூடச் செலவு செய்யாமல் நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் எலும்பு மருத்துவரிடம் முறிவு முழுதாகக் கூடியதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் மட்டும் பலவீனம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அவை வயதின் அடையாளமே அல்ல.

பிறகு, சுவரோடு ஒட்டிய நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். எட்டு முதல் பத்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி இரண்டு முறை பல்லைக் கடித்து எழும்படி இருக்க வேண்டும். பாவம் என்று எளிதாக்காதீர்கள். எளிதானதும் மடியில் இரண்டு கிலோ மணல் பை, பிறகு நான்கு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கட்டும். முறிந்த கணுக்காலுக்கு இதுதான் முக்கியம். வீட்டு வேப்பமரத்தைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்கட்டும். இவ்வாறான சமநிலைப் பயிற்சி முதியவர்கள் விழுவதை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது.

நடையை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். அலை நனைத்து இறுகிய மணலில் தொடங்குங்கள், மேலே உள்ள காய்ந்த மணலில் வேண்டாம். புதையும் மணலில் நடக்கக் கெட்டித் தரையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது. மூன்று மாதம் கழித்து அதையே பயிற்சியாக்கலாம்.

சாப்பாடு பற்றி ஒன்று மட்டும். நம் கடற்கரை வீடுகளில் பெரியவர்கள் மீன்துண்டைப் பேரப்பிள்ளையின் தட்டில் வைத்துவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். மீன் பிடித்த கைக்கு மீன் இல்லை. தசை கட்ட முதியவர்களுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அப்பாவின் எடை 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6. மீதிக்குப் பயறு, கடலை, மோர். கருவாட்டிலும் புரதம் உண்டு, ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அந்த உப்பு ஆகாது. வெறும் கஞ்சியால் தசை வளராது. மீன்துண்டு அவர் தட்டில் இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பாஸ்டன் முதியவர்களில் பயிற்சியை நிறுத்தியவர்களுக்கு நான்கே வாரத்தில் வலு கணிசமாக இறங்கியது. ஆகவே இது ஒரு கோடைக்குச் செய்து முடிக்கும் வேலையல்ல. மீன்பிடித் தடைக்காலத்திலும் படகுக்கு மராமத்து நடப்பதுபோல நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் கையை மார்பில் கட்டி உட்கார்ந்து, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 65 முதல் 69 வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் குறைவு. அப்பாவுக்கு முதல் நாள் மூன்றுதான் வரலாம், ஒன்றுகூட வராமலும் போகலாம். அந்த எண்ணைத் தேதியோடு வலை மாட்டியிருக்கும் சுவரில் கரித்துண்டால் எழுதி வையுங்கள், அவருடைய கையாலேயே. பன்னிரண்டு வாரம் கழித்து அதன்கீழே வரும் எண்ணை எனக்குச் சொல்லுங்கள்.